எல்லாம் இடது பக்கம்

ஊருக்கெல்லாம் சட்டை போன தெரு எங்களுடையது. ஆனால் அந்த வருஷங்களில் எங்கள் சந்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மாற்றுப் புடவை கிடையாது. உலகச் சண்டை நடந்தபோது பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ராயபுரம் வரை வீட்டுக்கு வீடு காக்கி தைத்தார்கள். துறைமுகத்தில் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதுகூட எங்கள் பக்கம் தையல் மெஷின் நிற்கவில்லை. பிறகு சண்டை முடிந்தது, காக்கியும் குறைந்தது. துணிக் கட்டுப்பாடு மட்டும் முடியவில்லை. பர்மிட் காட்டினால்தான் பட்டறைக்குத் துணி வரும். வந்த துணியை வீணாக்கினால் மறுபடி கிடைக்காது. பட்டறைகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. தையற்காரர்கள் மீன் ஏலத்தில் கூடை தூக்கப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் ஒரு பட்டறையில் கட்டிங் மாஸ்டர். எங்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள், சொந்தமாக ஒரு மெஷின்கூட இல்லை. இருந்தது அவர் கையிலிருந்த கத்தரி ஒன்றுதான். மெஷின் மிதிப்பவர் பத்துப் பேர் கிடைப்பார்கள், கட்டிங் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பது கஷ்டம் என்ற மிதப்பு எனக்கு அப்போது நிறைய இருந்தது. குழாயடியில் யாராவது என்னை முந்தினால், "நான் யார் வூட்டுக்காரி தெரியுமா" என்று கேட்டிருக்கிறேன். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வெட்டிய துண்டுகள் பட்டறையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வரும். ஜோடி சேர்த்துக் கட்டுவது என் வேலை. இடது முன்பக்கத்தையும் வலது முன்பக்கத்தையும் சேர்த்து, ஐந்து சட்டைக்கு ஒரு கட்டாகக் கட்டி அனுப்புவேன். தையல் முடிந்து திரும்பி வந்ததும் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா எடுப்பேன். ஆண்கள் சட்டைக்கு இடது பக்கம் காஜா, வலது பக்கம் பட்டன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பட்டறை வேலை தெரியாதவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். காக்கித் துணிக்கு ஒரு முகம் உண்டு, ஒரு முதுகு உண்டு. முகத்தில் சாய்வாகக் கோடு ஓடும், முதுகு வெளிறி மொட்டையாக இருக்கும். சட்டையின் பின்பக்கம் ஒரே துண்டு. அதற்குத் துணியை மேசைமேல் எல்லா மடிப்பும் முகம் மேலே பார்க்கும்படி அடுக்கலாம். முன்பக்கத்துக்கு அப்படிச் செய்யக் கூடாது. முகத்தோடு முகம் சேர்த்து அடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரே அளவு அட்டையை வைத்து வெட்டினாலும் இடதும் வலதுமாக விழும். முகம் மேலே பார்க்கிற அடுக்கில் முன்பக்கத்தை வெட்டினால் விழுவதெல்லாம் ஒரே பக்கம்தான்.

துணி அடுக்குவதற்கென்று பட்டறையில் ஒருவர் இருந்தார். வியாசர்பாடிக்காரர். நல்ல தோள்பட்டை, வாய் திறந்து பேசமாட்டார். துண்டு மூட்டையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து போடுபவரும் அவர்தான். தண்ணீர் கேட்டால் சொம்பை வாசற்படியில் வைப்பேன். அப்போது அவன், இவன் என்றுதான் அவரைப் பற்றிப் பேசுவேன். அவர் மட்டும் என்னை ஒரு நாளும் அக்கா என்பதைத் தவிர வேறு சொல் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அந்த முறை எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக் காவல்காரர்களுக்கு அறுபது சட்டை. பல வாரங்களுக்குப் பிறகு வந்த வேலை. இது ஒழுங்காகப் போனால் அடுத்த பர்மிட்டும் நமக்குத்தான் என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லியிருந்தார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. காலையில் மூட்டை வந்தது. பெண்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தரையைத் துடைத்துப் பாயைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் துண்டு இடது. இரண்டாவதும் இடது. சரி, கட்டு கலைந்திருக்கும் என்று இருபது துண்டு தள்ளி எடுத்தேன், இடது. மூட்டையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒவ்வொன்றாக முகத்தைப் பார்த்துப் பாய் முழுக்கப் பரப்பினேன். பாய் போதாமல் தரையில், தரை போதாமல் பெட்டிமேல் வைத்தேன். நூற்றிருபது துண்டும் காஜா பக்கம். பட்டன் பக்கம் என்று ஒன்றுகூட இல்லை.

பாதியைப் புரட்டிப் போட்டு, முதுகை முகமாக வைத்துத் தைத்துவிடலாமா என்று பார்த்தேன். ஒரு துண்டைப் புரட்டி இன்னொன்றின் பக்கத்தில் வைத்து வாசல் வெயிலில் பிடித்தேன். ஒன்று காக்கி, மற்றது வெளுத்த சாக்குமாதிரி. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு பெரிய மாஸ்டருக்குப் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று திட்டிக்கொண்டே அவர் சாப்பாட்டுக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவர் வந்தார். துண்டுகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. ஆனால் அவர் பார்க்காமல் நேராக நடந்து நான்கைந்தை மிதித்துக்கொண்டு போனார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

"இன்னாமே, வூடு பூரா பரப்பி வெச்சிகினு குந்திகினுகீற?" என்றார்.

"ஜோடி சேர்க்க சொல்லோ ஜோடியே இல்ல. எல்லாம் எடது."

அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். இன்னொன்றை எடுத்துத் தடவினார். "சரியாத்தான் கீது" என்றார்.

நான் ஒரு துண்டை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். "இது மொகமா, முதுகா?"

அவர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "தொடாம சொல்லுங்க."

"மொகம்."

நான் நீட்டியது முதுகு. அறையில் நல்ல வெளிச்சம் இருந்தது. ஓட்டுக் கண்ணாடி வழியாக வெயில் நேராக அந்தத் துண்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அவர் சுவரைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். முன்பு ஒரு நாள் சோற்றில் உப்பில்லை என்று எரிந்து விழுந்தது, உப்புக் கிண்ணத்தை அவர் பக்கத்திலேயே வைத்திருந்தும். தெருவில் கையசைத்தவர்களைத் திரும்பிப் பார்க்காமல் போனது, அதைத் தலைக்கனம் என்று நான் சிரித்தது. சின்ன மகள் நீட்டிய சிலேட்டை வாங்காமல் அப்புறம் பார்க்கிறேன் என்றது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. "எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் இருக்கும். மொதல்ல பொகை மாரி இருந்துச்சி."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. "பட்டறைல யாருக்குத் தெரியும்?" என்றுதான் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். யாருக்கும் தெரியாது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் பின்பக்கம் வெட்டுவதற்காகத் துணியை முகம் மேலே பார்க்க அடுக்கியிருந்தார்கள். முதலாளி வந்து, தையற்காரர்கள் சும்மா இருக்கிறார்கள், முன்பக்கத்தை முதலில் வெட்டு என்று சொல்லி மேசை ஓரத்திலேயே நின்றுவிட்டார். அடுக்கைக் கலைத்து முகத்தோடு முகம் மாற்றிப் போடவேண்டும். போட்டாகிவிட்டதா என்று இவருக்குத் தெரியவில்லை. முதலாளிக்கு முன்னால் கேட்டால் கண் தெரியாதது வெளிப்பட்டுவிடும். கேட்காமல் வெட்டிவிட்டார்.

நான் யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கோபக்காரிக்குப் புத்தி வேகமாக ஓடும், நல்ல பக்கமாக ஓடும் என்று சொல்ல முடியாது.

"அடுக்கு போட்டவன் தப்புனு சொல்லிடுங்க. மாத்தி போட்டுட்டேன்னு சொன்னான், நம்பி வெட்டிட்டேன்னு சொல்லுங்க."

"அவன் மேலயா?"

"வேற யார் மேல? அவனுக்கு இன்னா, தோள் கீது. எங்க போனாலும் மூட்ட தூக்கி பொழச்சிக்குவான். உங்க கையில கத்தரி போச்சினா நம்மகிட்ட இன்னா கீது? இந்த ரெண்டு பொண்ணுங்கள இன்னா பண்றது?"

"வாணாமே" என்றார் ஒரு தடவை. இரண்டாவது தடவை சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கையைக் கழுவினார். மூட்டையை நானே திரும்பக் கட்டிக் கொடுத்தேன். அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் சந்து முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற ஒரு பயம்தான் அப்போது எனக்கு இருந்தது.

பொழுது சாயும்போது வந்தார். சொன்னீங்களா என்றேன். சொன்னேன் என்றார். முதலாளி அடுக்குக்காரரை அப்போதே வெளியே போகச் சொல்லிவிட்டாராம். துண்டுகளைக் காலர், பாக்கெட் என்று சின்னச் சின்னதாக வெட்டி ஒப்பேற்றி, கெஞ்சிக் கூத்தாடி மறுபடி துணி கேட்டுப் பார்ப்பதாக முதலாளி சொன்னாராம்.

"அவன் ஒன்னும் சொல்லலியா?"

"ஒன்னும் சொல்லல. என்னைய பாத்துகினே நின்னானாம். எனக்கு எங்க தெரியுது, பக்கத்துல இருந்தவன்தான் சொன்னான். அப்பால துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு பூட்டான்."

எனக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம் என்று உலையை ஏற்றினேன். அப்போதுதான் அவர் இருட்டப் போகிற வாசலைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல், "நாளைலேர்ந்து எனக்கு யாரு தட்டுவா?" என்றார்.

புரியாமல் திரும்பினேன். அவர் மெதுவாகச் சொன்னார். இரண்டு வருஷமாக அடுக்குக்காரருக்குத் தெரியும். அவரேதான் கண்டுபிடித்தார், யாரிடமும் மூச்சு விடவில்லை. துணி அடுக்கி முடித்ததும் மேசைக் கட்டையில் விரலால் தட்டுவார். முகத்தோடு முகமாக இருந்தால் இரண்டு தட்டு, வெட்டலாம். ஒரே ஒரு தட்டு என்றால் வெட்டக் கூடாது. அடுக்கு நேராக இருக்கிறதா என்று மேசையைத் தட்டிப் பார்ப்பதாக மற்றவர்கள் நினைத்தார்கள். இரண்டு வருஷம் பட்டறை வெட்டிய அத்தனை துணியும் அந்தத் தட்டில்தான் வெட்டப்பட்டது.

"நேத்து தட்டலியா?"

"ஒரு தட்டு தட்டினான். கேட்டுச்சி. மொதலாளி கிட்டவே நின்னுகினு, வெட்டு வெட்டுன்னாரு. நான் பயந்துட்டேன்."

கரண்டி என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் அடுக்குக்காரர் தப்பியிருப்பார். நான் தட்டினேன், மாஸ்டருக்குக் கண் தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கிறார். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர்மேல் பழியைக் கட்டித் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். அதைவிடக் கேவலமாக ஒன்றும் எனக்குத் தோன்றியது. அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டுமானால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் கத்தரி போய்விடும். சொல்லாவிட்டால் கண் இல்லை. எந்தப் பக்கம் புரட்டினாலும் இடிந்து விழுந்தது எங்கள் வீடுதான்.

மூன்று நாள் என் வீட்டுக்காரர் பட்டறைக்குப் போனார். முதல் நாள் தலைவலி என்று சொல்லி வெட்டவில்லை. இரண்டாம் நாள் கத்தரிக்குச் சாணை பிடிக்க வேண்டும் என்று டோல்கேட்வரை போய்விட்டு வந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனவர் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். யா அல்லா, இந்த அறுபது சட்டை முடியும்வரையாவது அந்தக் கண்ணில் கொஞ்சம் வெளிச்சத்தை விட்டு வை என்று பேரம் பேசினேன். என் ஒரே புடவையை நனைத்து, பாதியை உடுத்திக்கொண்டு பாதியைக் காயவைத்துக்கொண்டே பேரம் பேசினேன்.

நான்காம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர் கிளம்பும் நேரத்தில் எப்போதும் குழாயடியில் நிற்கும் நான் அன்று குடத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தேன். எதிரே சந்தில் அவர் வந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டிருந்தார். தையல், பிசிறு, பாக்கெட்டின் பின்பக்கம் எல்லாம் வெளியே தெரிந்தன. ஊர் ஆண்களுக்குச் சட்டை வெட்டிக் கொடுத்த மனிதர்.

அப்போது எனக்குள் என்ன புகுந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நாலு நாள் பயமும் வெட்கமும் ஆத்திரமாகத்தான் வெளியே வந்தன. என்னோடு திரும்பிய குழாயடிப் பெண்கள் அத்தனை பேரும் நிற்க, "கண்ணு இன்னா பொடனிலயா கீது? சட்டைய திருப்பி மாட்டிகினு போறீங்க" என்று கத்தினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் அந்த இடத்திலேயே சட்டையைக் கழற்றினார். புரட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. வெற்று மார்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் கத்தரியைத் துணியில் சுற்றி என் பக்கமாக நீட்டினார். நான் நின்ற இடம் அதுவல்ல. கொஞ்சம் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டேன்.

"மொதலாளிகிட்ட குடுத்துடு. அவன் மேல தப்பு இல்லன்னு சொல்லிடு. எல்லாத்தையும் சொல்லிடு."

போய்ச் சொன்னேன். பட்டறைக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை. வாசலில் நின்று, மெஷின்களெல்லாம் நின்றுபோன அமைதியில், பழி சொல்லச் சொன்னது நான்தான் என்பதுவரை சொன்னேன். முதலாளி திட்டவில்லை. கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டு, "அந்த அடுக்கு போடுற ஆளுக்கு வெட்டத் தெரியுமா?" என்று கேட்டார். பத்து வருஷம் மேசைக்கு எதிரில் நின்றவர், தெரியாமல் இருக்காது என்றேன். "அப்போ கூட்டிகினு வா. அவன் வெட்டட்டும். மாஸ்டரு பக்கத்துல குந்தி கணக்கு சொல்லட்டும்" என்றார். அட்டையை எப்படி வைத்தால் துணி மிச்சமாகும் என்று என் வீட்டுக்காரருக்குக் கண் இல்லாமலேயே தெரியும், அது முதலாளிக்கும் தெரியும். நான்கு நாளில் முதல் தடவையாக ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது.

வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ரயில் தடத்தைத் தாண்டி வியாசர்பாடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். அடுக்குக்காரர் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை, சுவரில் ஒரு புத்தர் படம். அவர் மனைவி உட்காரச் சொல்லி, கையில் சொம்பைக் கொடுத்தாள். வாசற்படியில் வைக்கவில்லை. நான் குடித்தேன்.

அவர் துறைமுகத்திலிருந்து வந்தார். கரி மூட்டை தூக்கியிருக்கிறார். கண்ணின் வெள்ளையைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. நான் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். நான் அழுதேன், கும்பிட்டேன். கும்பிட்ட கையைப் பார்க்க மாட்டாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"நான் வர்ல அக்கா. கோவம்லாம் இல்ல. இங்க நிம்மதியா கீது. கரிக்கு மொகமும் கெடயாது, முதுகும் கெடயாது. எப்படி போட்டாலும் யாரும் என்னைய ஒன்னும் சொல்லமாட்டான்."

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து கேட்டார்.

"மாஸ்டருக்கு காத்தால சட்டைய யாரு பாக்குறது?"

"இன்னாது?"

"திருப்பி போட்டுகினு வந்துடுவாரு அக்கா, வாரத்துல ரெண்டு மூணு நாளு. நான் பட்டற வாசல்லயே நின்னுகினு இருப்பேன். சொவத்துல ஒரு தட்டு தட்டுவேன். அப்டியே பின்னால போயி மாத்திகினு வந்துடுவாரு. ஒருத்தனுக்கும் தெரியாது."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. இரண்டு வருஷம் நான் துவைத்த சட்டை, நான் மடித்து வைத்த சட்டை. அதை அவர் எப்படிப் போட்டுக்கொண்டு போகிறார் என்று நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்த்த ஒரே நாள் தெருவைக் கூட்டிவிட்டேன்.

அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். மார்பில் சட்டை இல்லை, மடியில்தான் இருந்தது. என் காலடி கேட்டதும் முகத்தைத் தூக்கினார்.

"வராரா?"

வாய் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மடியிலிருந்த சட்டையை எடுத்து நேராகத் திருப்பி அவர் தோளில் போட்டேன். பிறகு பக்கத்துச் சுவரில் விரலால் ஒரே ஒரு தட்டு தட்டினேன்.